ஏஸை எப்போது எடுப்பது? ஒரு பிரிட்ஜ் சீட்டாட்டக் கை பற்றி உதவி தேவை

நண்பர்களே, நேற்று ஆடிய ஒரு கை தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

நான் தெற்கு, காண்ட்ராக்ட் 3 நோ டிரம்ப், அதாவது துருப்பு இல்லாமல் 13 பிடியில் 9 எடுக்க வேண்டும். என் கையில் ஸ்பேட் ஏஸ் 6 3, ஹார்ட் கிங் 7 4, டைமண்ட் 9 8 4, கிளப் ஏஸ் குயின் 7 5. டம்மியில் (மேசையில் விரித்து வைத்த பார்ட்னர் கையில்) ஸ்பேட் 7 4, ஹார்ட் ஏஸ் 8 3, டைமண்ட் ஏஸ் குயின் ஜாக் 10 5, கிளப் கிங் 6 2. பெரிய சீட்டுகளுக்கு மொத்தம் 27 புள்ளி, தோற்கவே கூடாத கை!

மேற்கு ஸ்பேட் கிங்கை இறக்கினார். பயத்தில் உடனே ஏஸை எடுத்துவிட்டேன். அப்புறம் கிங் மேற்கிடம் இருக்கும் என்று நம்பி டைமண்ட் ஃபினெஸ் செய்தேன், கிழக்கு கிங்கால் அடித்து ஸ்பேடைத் திருப்பினார். மேற்கிடம் முதலில் ஐந்து ஸ்பேட் இருந்திருக்கிறது. நாலு ஸ்பேட், ஒரு டைமண்ட் என்று ஐந்து பிடி போய், ஒன்று டவுன் (ஒரு பிடி குறைவு).

மூன்றாவது ஸ்பேடில்தான் ஏஸை எடுத்திருக்க வேண்டுமாம், அப்போது கிழக்கிடம் திருப்ப ஸ்பேடே இருக்காது என்கிறார் பார்ட்னர். நம் இரண்டு கைகளிலும் உள்ள ஸ்பேட் எண்ணிக்கையை 7-இலிருந்து கழித்தால் 2, அத்தனை தடவை விட்டுக்கொடு என்று ஒரு கணக்கும் சொன்னார். எதிராளிகளிடம் ஸ்பேட் 4-4 என்று பிரிந்திருந்தாலும் நஷ்டமில்லை. சரி, இதுவரை புரிகிறது.

என் சந்தேகம் வேறு. அந்த ஹார்ட் கிங் என்னிடம் இல்லை, வெறும் 7 4 2 என்று வையுங்கள். இரண்டு தடவை விட்டுக்கொடுத்தால் மேற்கு ஹார்ட்டுக்கு மாறிவிட மாட்டாரா? அப்போதும் காத்திருப்பீர்களா? மேற்கில் உட்கார்ந்தால் எதைப் பார்த்து மாறுவீர்கள்?