நூலகக் கணினியில் சேமித்த கோப்பு இரண்டே நாளில் மாயமானது: மீட்க வழியுண்டா?

ஏற்காட்டு மாணவி:
அனைவருக்கும் வணக்கம். வீட்டில் கணினி இல்லாததால், காப்பித் தோட்டங்களின் நிழல் மரங்களைப் பற்றிய என் முதுகலை ஆய்வேட்டைத் தட்டச்சு செய்ய, வாரம் இருமுறை 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்தில் ஒரு நூலகத்துக்கு வருகிறேன். செவ்வாயன்று 11 பக்கங்களை முடித்து, டெஸ்க்டாப்பிலேயே சேமித்துவிட்டு, மலைப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் கிளம்பிவிட்டேன். வியாழனன்று அதே கணினியில் பார்த்தால் கோப்பின் சுவடே இல்லை. ரீசைக்கிள் பின்னும் காலியாக இருந்தது. யாரேனும் அழித்திருப்பார்களா?

கோரிமேட்டுக்காரன்:
சகோதரி, யாரையும் சந்தேகிக்க வேண்டாம். பலர் கைபடும் கணினிகளில் ‘டீப் ஃப்ரீஸ்’ போன்ற மென்பொருளை நிறுவியிருப்பார்கள். கணினியை அணைத்துப் போட்டதும் அது பழைய நிலைக்கே திரும்பிவிடும் என்பதால், ஒட்டிக்கொண்ட வைரஸோடு சேர்ந்து நம் கோப்பும் போய்விடும். ரீசைக்கிள் பின்னில்கூட இல்லாததைப் பார்த்தால் அதுதான் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது. மீட்பு மென்பொருள்களை நம்பி அலையாமல் மறுபடி தட்டச்சு செய்வதே நல்லது என்பது என் கருத்து.

இனிமேல் கோப்பைத் திறந்தவுடனேயே, முதல் வரியை அடிக்கும் முன், ‘சேவ் ஆஸ்’ கொடுத்துப் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். மின்னஞ்சலில் வந்த கோப்பைத் தரவிறக்கி அப்படியே திறந்து திருத்துபவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். கன்ட்ரோல் எஸ் அழுத்த அழுத்த அது அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் பகுதியில்தான் சேருமே தவிர, மின்னஞ்சலில் உள்ள பிரதி பழையதாகவே கிடக்கும். கூகுள் டாக்ஸில் எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை. இணையம் இருக்கும்வரை அதுவே சேமித்துக்கொண்டே வரும்.

டிடிபி கடைக்காரர்:
மேலே சொன்னது சரிதான், ஆனால் பென் டிரைவை மட்டும் நம்பாதீர்கள். பொதுக் கணினியில் செருகிய பென் டிரைவில் வைரஸ் ஏறி, ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்க, பதறியடித்து எங்கள் கடைக்கு வருபவர்கள் உண்டு. பெரும்பாலும் கோப்புகள் உள்ளேயே மறைந்திருக்கும். அந்த ஷார்ட்கட்டைச் சொடுக்காமல், மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைத்துப் பார்த்தால் கிடைத்துவிடும். எழுந்திருக்கும் முன் ஒரு பிரதியை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பாமினி எழுத்துருவில் அடித்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துகளாகவும், புள்ளி வைத்த இடமெல்லாம் அரைப்புள்ளியாகவும் தெரியும். கோப்பு கெட்டுவிட்டதென்று நினைத்து அழித்தவரையும் பார்த்திருக்கிறேன். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையில் அடியுங்கள், அச்சுக்குக் கொடுப்பதற்குப் பிடிஎஃப் ஆகவும் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டு மாணவி:
இருவருக்கும் மிக்க நன்றி. படிக்கும்போதே வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. வியாழனன்று ஜிமெயிலைத் திறந்துவிட்டு, வெளியேறாமலேயே வந்துவிட்டேனோ என்று ஐயமாக இருக்கிறது.

கோரிமேட்டுக்காரன்:
உங்கள் கோப்பை விழுங்கிய அதே மறுதொடக்கம் இந்த உள்நுழைவையும் அழித்திருக்கக்கூடும். ஆனால் கணினியை அணைக்கும்வரை அடுத்து உட்கார்ந்தவருக்கு உங்கள் அஞ்சல் திறந்தே கிடந்திருக்கும். ஆகவே இப்போதே கைப்பேசியில் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று, ‘உங்கள் சாதனங்கள்’ பட்டியலில் அந்தக் கணினி இருந்தால் வெளியேற்றிவிட்டு, கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். அடுத்த முறை குரோமில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து உள்நுழையுங்கள். அத்தகைய சாளரங்கள் எல்லாவற்றையும் மூடினால் உள்நுழைவு நீங்கிவிடும். தரவிறக்கிய கோப்பு மட்டும் அப்போதும் தங்கிவிடும் என்பதால், ஆதார் நகல் போன்றவற்றை நீங்களே அழிக்க வேண்டும்.

ஏற்காட்டு மாணவி:
பட்டியலில் ‘விண்டோஸ்’ என்று ஒன்று இருந்தது; வெளியேற்றிவிட்டுக் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டேன். 11 பக்கங்களில் நான்கின் கையெழுத்துப் படி வீட்டில் இருக்கிறது, மீதியை நினைவிலிருந்துதான் எழுத வேண்டும்.