புதுப்பிப்பு: தேன் கடைக்கு வந்த ஒரு நட்சத்திர மிரட்டல்

எங்கள் மார்த்தாண்டம் தேன் கடைக்கு ஒரே இரவில் கூகுள் மேப்பில் 16 ஒரு நட்சத்திர விமர்சனங்கள் விழுந்ததையும், அவற்றை நீக்க 10,000 ரூபாய் கேட்டு வாட்ஸ்அப்பில் மிரட்டல் வந்ததையும் போன மாதம் எழுதியிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பணம் கொடுக்கவில்லை. விமர்சனங்களைத் தனித்தனியாகப் புகார் செய்ததில் ஒன்றும் நடக்கவில்லை. மிரட்டிப் பணம் கேட்பவர்களைப் பற்றிப் புகார் செய்யவே கூகுளில் தனிப் படிவம் இருக்கிறது என்று ஒரு அண்ணன் சொன்னாரே, அதுதான் வேலை செய்தது. மிரட்டல் வந்த எண், ஸ்கிரீன்ஷாட்கள், சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் பதிந்த புகார் எண் எல்லாம் சேர்த்து அனுப்பினேன், 9 நாளில் 14 போய்விட்டன.

எதிர்பாராதது ஒன்று: குலசேகரத்திலிருந்து வருஷக்கணக்காக வாங்கும் அக்காவே, "தேன்ல கலப்படமா தம்பி?" என்று போனில் கேட்டுவிட்டார். பணம் கேட்டதைவிட அதுதான் வலித்தது. மீதி 2 இன்னும் அப்படியே இருக்கின்றன, மறுபடி அனுப்பியிருக்கிறேன்.