நீச்சல் குளத்தோடு வீடு வாங்கியவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செந்தூல்வாசி

மகன் கனடாவில், டொரோண்டோ பக்கம் பிராம்ப்டனில் வீடு வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. பிப்ரவரியில் பார்த்த வீடு. இங்கே கோலாலம்பூர் செந்தூலில் இரவு பத்து மணி, அங்கே காலை ஒன்பது. கைப்பேசியிலேயே வீடு முழுக்கக் காட்டினான். கொல்லைப்பக்கம் வந்ததும் "இதுதாம்பா குளம்" என்றான். எனக்குத் தெரிந்தது முழங்கால் உயரப் பனி, அதன் ஓரத்தில் எட்டிப் பார்த்த பச்சை விரிப்பு. அவ்வளவுதான். வீட்டைச் சோதித்தவர் கூரை, மின்கம்பி இணைப்பு எல்லாம் பார்த்துவிட்டு, குளம் மூடியிருப்பதால் அதைச் சோதிக்கவில்லை என்று அறிக்கையில் ஒரு வரி எழுதியிருந்தார். அந்த வரியை நான் படித்தேன். படித்த பிறகும் "பேத்தி ஆசைப்படுறா, வாங்குப்பா" என்று சொன்னது நான்தான்.

மே மாதம் திறந்து பம்பைப் போட்டதும், தரையில் பதித்த கல் இடுக்கிலிருந்து தண்ணீர் கொப்பளித்தது. குளிருக்கு முன்னால் குளத்தை மூடியவர்கள் குழாயில் இருந்த தண்ணீரை முழுதாக ஊதி எடுக்கவில்லை. தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 விழுக்காடு பெருகும். மண்ணுக்குள்ளேயே குழாய் பிளந்துவிட்டது. கல்லைப் பெயர்த்து, தோண்டி, மாற்றி முடிக்க ஆகஸ்டு ஆகிவிட்டது. அங்கே செப்டம்பரில் மறுபடி மூட வேண்டும். மிதவையை இடுப்பில் மாட்டிக்கொண்டு, பள்ளத்தின் ஓரத்தில் நின்று "தாத்தா, இன்னிக்கு இறங்கலாமா?" என்று கைப்பேசியில் என்னைக் கேட்டாள் பேத்தி. வேலையாட்களை அவள் கேட்கவில்லை, என்னைக் கேட்டாள்.

தஞ்சோங் பூங்கா

ஐயா, பனியே இல்லாத பினாங்கில் எங்களுக்கு நடந்ததையும் கேளுங்கள். வீடு பார்த்த அன்று குளம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, வங்கிக் கடன் வந்து, சாவி கைக்கு வர நான்கு மாதம். விற்றவர் அதற்குள் வீட்டைக் காலி செய்து மின்சாரத்தையும் நிறுத்திவிட்டார். பம்பு ஓடவில்லை, குளோரின் போட ஆளில்லை. சாவி வந்தும், நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சலாம் என்று நாங்கள் இன்னும் மூன்று வாரம் விட்டுவிட்டோம்.

சுகாதார அதிகாரிகள் வந்தபோது நான் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஒருவர் நீளக் கைப்பிடி வைத்த வெள்ளைக் கரண்டியால் குளத்து ஓரத்தில் தண்ணீர் மொண்டு எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். வெள்ளையில் கறுப்பாகக் கொசுப்புழுக்கள் நெளிந்தன, எண்ண முடியாத அளவுக்கு. 500 ரிங்கிட் அபராதம். அதைக் கட்டிவிட்டோம். ஆனால் அதே வாரம் பக்கத்து வீட்டுப் பையன் டெங்கியில் மருத்துவமனையில் கிடந்தான். எங்கள் குளத்துக் கொசுதான் என்று யாரும் சொல்லவில்லை, அவன் அம்மாகூடச் சொல்லவில்லை. இன்றும் அவரைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வருவதில்லை.

பட்டர்வொர்த்

செந்தூல் ஐயா, மூன்று மாதத்துக்காக ஒரு குளமா என்று நினைக்க வேண்டாம். நான் கனடாவிலேயே எட்மண்டனில் ஒன்பது வருடம் இருந்தேன், அது டொரோண்டோவைவிடக் குளிர். ஜூன் கடைசியில் அங்கே இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருந்த அம்மா, சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு படியில் உட்கார்ந்து தண்ணீரில் கால் வைத்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய கால்கள். "இந்த நேரத்துல வெயிலாடா?" என்று கேட்டுக்கொண்டே அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அந்த வீட்டை விற்றபோது எனக்கு வலித்தது அந்தப் படிக்காகத்தான். சூடேற்ற எரிவாயுச் செலவு உண்டு, ஆனால் இரவில் குமிழ் விரிப்பைப் போட்டு மூடினால் பாதித் தொல்லை குறையும். குளம் இழக்கும் சூட்டில் பெரும்பகுதி ஆவியாகத்தான் போகிறது.

செராஸ்

எனக்குத் தனிக் குளம் கிடையாது, காண்டோதான், அடுக்குமாடிக்கே பொதுவான குளம். பலர் பராமரிப்புக் கட்டணம் கட்டாததால் எங்கள் குளம் எட்டு மாதம் பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சரி, வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். காண்டோ என்றால் கணக்கைக் கேளுங்கள். 2013 அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி பராமரிப்புக் கட்டணத்தோடு அதில் 10 விழுக்காடு சேம நிதிக்கும் போக வேண்டும். அந்த நிதி வற்றியிருந்தால் பம்பு கெட்டால் மாற்றப் பணம் இருக்காது. தனி வீடு என்றால் ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை ஊற்றிக் குளத்துப் படியில் வையுங்கள். வாளிக்குள்ளும் வெளியேயும் தண்ணீர் மட்டத்தைக் கோடு போட்டுக்கொண்டு மறுநாள் பாருங்கள். வாளியைவிடக் குளம் அதிகம் இறங்கியிருந்தால் கசிவு. பெரிய மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள், விற்பவர் குளத்தை எப்படி வைத்திருக்கிறார் என்று அன்றுதான் தெரியும். குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு) இருக்க வேண்டும், காரஅமில அளவு (pH) 7.2 முதல் 7.8. செந்தூல் ஐயா, உங்கள் மகன் லாயரிடம் பேசி, மே மாதம் குளம் திறக்கும்வரை விலையில் ஒரு பகுதியைப் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கலாம். தஞ்சோங் பூங்கா அக்கா, சாவி வரும்வரை பம்பு ஓட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் நாளே தண்ணீரை மொத்தமாக இறைத்துக் குளத்தைக் காலியாகப் போட்டிருக்கலாம், கொசுவே வந்திருக்காது.

கிள்ளான்

செராஸ் தம்பி, மற்றதெல்லாம் சரி, அந்தக் கடைசி யோசனையை மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள். நாங்கள் அதைத்தான் செய்தோம். ஓடு மாற்ற நவம்பரில் குளத்தைக் காலி செய்தோம். நான்கு நாள் விடாத மழை. எங்கள் பக்கம் தாழ்வான நிலம், இரண்டு அடி தோண்டினாலே ஊறும். ஐந்தாம் நாள் விடியற்காலை கனமான எதையோ கீழே போட்ட மாதிரி ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் குளத்தின் அடித்தளம் நடுவில் மேடாக எழும்பி, ஓடுகள் வரிசையாக வெடித்துக் கிடந்தன. மேலே தண்ணீரின் கனம் இல்லாததால் கீழே ஊறிய தண்ணீர் தளத்தைத் தூக்கிவிட்டது. அந்தக் குளத்தை மண் கொட்டி மூடிவிட்டோம். காலி செய்தே ஆக வேண்டும் என்றால் மழையில்லாத மாதத்தில், விவரம் தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள்.

அக்கா, அந்தப் பையன் இப்போது எப்படி இருக்கிறான்?

தஞ்சோங் பூங்கா

தேறிவிட்டான். ஐந்தாம் படிவம் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குளத்தில்தான் நீந்துகிறான், நான்தான் கூப்பிட்டேன்.

செந்தூல்வாசி

லாயர் விஷயம் அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். இந்த வருடம் மூடும்போது மகன் ஆட்களின் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு குழாயையும் ஊதுவதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். ஜூனில் நான் போகிறேன். பேத்தி மிதவை வேண்டாம் என்கிறாளாம்.