கேம் ஒவ்வொரு நாளும் முதலில் இருந்தே தொடங்குகிறது, சேவ் நிற்பதே இல்லை. யாராவது உதவுங்கள்

உவர்மலைப் பொடியன்:
வணக்கம். கன்சோலில் வந்து சில வருடம் கழித்துப் பிசிக்குக் கொண்டுவந்த கேம் ஒன்று. 90 ஜிபி. வீட்டில் பகல் டேட்டா காணாது என்பதால் நைட் டேட்டாவில் நான்கு இரவாக இறக்கினேன். நான்காம் இரவு 97 வீதத்தில் கரண்ட் போனது. அந்தக் கதை இப்போது வேண்டாம்.

தொடங்கியதும் ஷேடர் தயாராகிறது என்று ஒரு கோடு நகரும். 25 நிமிடம் எடுக்கும். பிறகு வெளிச்சம் சரிசெய்யும் திரை, மொழித் தெரிவு, அதன் பிறகுதான் கேம். ஒரு மணித்தியாலம் விளையாடி முதல் பெரிய எதிரியைக் கொன்றேன். மூலையில் சேவ் வட்டம் சுற்றியதைக் கண்ணால் கண்டேன். அடுத்த நாள் திறந்தால் திரும்ப 25 நிமிடம், திரும்ப வெளிச்சத் திரை. மெனுவில் ‘புதிய ஆட்டம்’ மட்டும்தான், ‘தொடர்க’ இல்லை. அந்த எதிரியை இதுவரை மூன்று தரம் கொன்றுவிட்டேன்.

லாப்டாப் விண்டோஸ் 11, ஆர்டிஎக்ஸ் 3050 (4 ஜிபி), ராம் 16. எஸ்எஸ்டியில் இன்னும் 60 ஜிபி காலி.

இன்னொன்று. முதல் திரையில் அந்தக் கம்பெனியின் கணக்கில் உள்நுழையச் சொல்கிறது. நாடுகளின் பட்டியலில் இந்தியா இருக்கிறது, இலங்கை இல்லை. இந்தியா என்று போடலாமா?

டச்சு பே காற்று:
தம்பி, ஷேடர் நேரத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஷேடர் என்பது திரையில் ஒளியையும் நிறத்தையும் வரையக் கிராபிக்ஸ் சிப்புக்குக் கொடுக்கும் சின்ன நிரல். கன்சோலில் எல்லோருக்கும் ஒரே கிராபிக்ஸ் சிப். அதனால் ஷேடரை ஸ்டூடியோவிலேயே கட்டி டிஸ்க்கில் போட்டுவிடுவார்கள். பிசியில் ஆளுக்கொரு கார்ட், ஆளுக்கொரு டிரைவர். ஆகவே உங்கள் கணினியிலேயே கட்ட வேண்டும். 2023 மார்ச்சில் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1’ பிசிக்கு வந்தபோது இந்தக் கோடு நகர்வதைப் பார்த்தே பலருக்குக் கேம் வெறுத்துப்போனது. டிரைவரைப் புதுப்பித்துப் பாருங்கள். 4 ஜிபி கார்ட் என்பதால் டெக்ஸ்சரைக் குறைத்து வையுங்கள்.

உவர்மலைப் பொடியன்:
அண்ணா, டிரைவர் புதிதுதான். நேற்றுக்கூடப் புதுப்பித்தேன். மாற்றம் இல்லை.

மான்கூட்டம்:
ஃபேனைத் திறந்து பார்த்தீர்களா? எங்கள் திருகோணமலை உப்புக்காற்றுக்கு ஆறு மாதத்தில் உள்ளே துரு பிடித்துவிடும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் மான்களோடு நின்று தேநீர் குடிக்கிற நேரத்துக்குள் கடையில் துடைத்துத் தருவார்கள்.

உவர்மலைப் பொடியன்:
சூடு பிரச்சினை இல்லை. கேம் நடுவில் நிற்பதும் இல்லை. வடிவாக ஓடுகிறது, ஆனால் எதையும் ஞாபகம் வைக்கவில்லை.

கிண்ணியா கீபோர்ட்:
தம்பி, விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வேர் பாதுகாப்பு என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே ஃபோல்டர்களுக்குள் யாரும் எழுதாமல் காவல் இருக்கும் ஒரு சுவிட்ச் உண்டு. அது போட்டிருந்தால் அறிமுகம் இல்லாத கேம் டாக்குமென்ட்ஸுக்குள் எழுத ஏலாது. சில நேரம் ஒரு எச்சரிக்கையும் கண்ணில் படாது.

மற்றது, காசைத் திரும்பக் கேட்கும் எண்ணம் இருந்தால் கெதியாக முடிவெடுங்கள். ஸ்டீம் என்ற ஒன்லைன் கடையில் வாங்கிய கேம் என்றால் 14 நாளும் 2 மணித்தியால விளையாட்டு நேரமும்தான் வரம்பு. கேம் திறந்திருக்கும் நேரம் முழுவதும் கணக்கு, ஷேடர் கட்டும் அந்த 25 நிமிடமும் சேர்த்து.

உவர்மலைப் பொடியன்:
நானா, அந்த சுவிட்ச் ஏற்கெனவே நிறுத்தித்தான் இருக்கிறது. நேரமும் எப்போதோ தாண்டிவிட்டது.

நிலாவெளி இரவுப்பணி:
கொஞ்சம் பொறுங்கள். ஷேடர், வெளிச்சம், சேவ், மூன்றையும்தான் அது மறக்கிறது. ஒன்று மட்டும் என்றால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். மூன்றும் போகிறது என்றால், மூன்றும் எழுதப்படும் இடத்தைப் பார்க்க வேண்டும். அநேகமான கேம்கள் இவற்றை உங்கள் யூசர் ஃபோல்டருக்குள்தான் வைக்கும். சி டிரைவில் யூசர்ஸ் என்பதைத் திறந்து, உங்கள் ஃபோல்டரின் பெயர் என்ன என்று எழுத்துக்கு எழுத்து அப்படியே சொல்லுங்கள்.

உவர்மலைப் பொடியன்:
‘திருமலை’. தமிழில்தான். லாப்டாப் வாங்கிய அன்று ஆசைக்கு ஊர்ப் பெயரை வைத்தது.

நிலாவெளி இரவுப்பணி:
பிடிபட்டது. 😄

விண்டோஸுக்குத் தமிழ் பிரச்சினையே இல்லை, அது யூனிகோட், அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் தனிக் குறியீடு உள்ள பொது முறை. ஆனால் சில கேம்கள் ஃபோல்டர் பாதையைப் பழைய முறையில், ஒரு எழுத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பைட் என்ற கணக்கில் கேட்கின்றன. ரஷ்ய மொழிக்கும் ஜப்பானிய மொழிக்கும் அந்தப் பழைய முறையில் தனித்தனிக் குறியீட்டுப் பட்டியல் உண்டு. விண்டோஸில் முழு சிஸ்டத்துக்கும் வைக்கக்கூடியதாகத் தமிழுக்கு அப்படி ஒன்று ஒருபோதும் இருந்ததில்லை. தமிழ் உள்ளே வந்ததே யூனிகோடாகத்தான். அதனால் ரஷ்யாக்காரர் சிஸ்டம் லொக்கேலை (பழைய மென்பொருள்களுக்கான விண்டோஸின் மொழித் தெரிவை) மாற்றித் தப்பிவிடுவார், நமக்கு அந்த வழியும் இல்லை. கேமின் கையில் கிடைப்பது வெறும் கேள்விக்குறிகள். நாம் நான்கு எழுத்தாகப் படிக்கும் ‘திருமலை’ கணினிக்குள் ஏழு குறியீடு, ஆகவே ஏழு கேள்விக்குறி. கேள்விக்குறியை ஃபைல் பெயரில் வைக்க விண்டோஸ் விடாது. ஆகவே எழுதும் வேலை தோற்கிறது. வட்டம் மட்டும் சுற்றுகிறது, எழுத்து விழுந்ததா என்று பார்க்க ஒருவரும் மினக்கெடவில்லை. கன்சோலில் சேவ் எங்கே போக வேண்டும் என்பதை சிஸ்டமே பார்த்துக்கொள்ளும், உங்கள் பெயர் அந்தப் பாதைக்குள் வருவதில்லை. பிசிக்கு மாற்றியவர்கள் தங்கள் அலுவலகக் கணினிகளில் மட்டும் சோதித்திருப்பார்கள்.

செட்டிங்ஸில் பெயரை மாற்றினால் சரிவராது. திரையில் தெரியும் பெயர்தான் மாறும், ஃபோல்டர் முதல் நாள் வைத்த பெயரிலேயே கிடக்கும். ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் புதிய லோக்கல் யூசர் ஒன்று உண்டாக்கி, அதில் நுழைந்து கேமைத் திறவுங்கள். கேம் இருப்பது வேறு இடத்தில் என்பதால் 90 ஜிபியைத் திரும்ப இறக்கத் தேவையில்லை.

கிண்ணியா கீபோர்ட்:
ரீஜன் செட்டிங்ஸில் யுடிஎஃப்-8 (யூனிகோடை எழுதும் ஒரு முறை) பீட்டா என்று ஒரு பெட்டி இருக்கிறதே, அதில் டிக் போட்டாலும் சரிவருமே?

நிலாவெளி இரவுப்பணி:
சில கேமுக்குச் சரிவரும் நானா. ஆனால் அது முழுக் கணினிக்கும் பொருந்தும், யூனிகோட் அறியாத பழைய மென்பொருள்களில் எழுத்துக் குழம்பலாம். வீட்டில் யாராவது பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகள் வைத்திருந்தால் நான் அந்தப் பெட்டியைத் தொடமாட்டேன்.

டச்சு பே காற்று:
கணக்குக் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. இந்தக் கேம் சோனியுடையது இல்லை, ஆனால் சிக்கல் அதேதான். 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 என்ற கேமுக்கு பிஎஸ்என் (சோனியின் ப்ளேஸ்டேஷன் ஒன்லைன் சேவை) கணக்கு கட்டாயம் என்று சோனி அறிவித்தது. பிஎஸ்என் இல்லாத 170க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலும் கேம் விற்பனையில் இருந்தே போனது, அதில் நாமும் அடக்கம். ஆட்கள் கொதித்த கொதிப்பில் சில நாட்களுக்குள் கட்டாயத்தைக் கைவிட்டார்கள். 2025 ஜனவரியில் ஸ்பைடர்மேன் 2, காட் ஆஃப் வார் ராக்னரொக் போன்ற சிலவற்றுக்கும் கணக்கு விருப்பம்தான் என்று அறிவித்தார்கள்.

இந்தியா என்று போடுவது உங்கள் விருப்பம். ஆனால் பிஎஸ்என்னில் ஒருமுறை போட்ட நாட்டைப் பிறகு மாற்ற முடியாது, பொய்யான நாடு விதிக்கும் புறம்பு. நாளைக்குக் கணக்குப் பூட்டுப்பட்டால் எந்த முகத்தோடு கேட்பது? தனி ஆள் விளையாட்டு என்றால் அந்தத் திரையில் ‘பிறகு’ என்று சின்னதாக ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உவர்மலைப் பொடியன்:
இருக்கிறது அண்ணா! கீழே, சாம்பல் நிறத்தில், கண்ணுக்கே தெரியாத மாதிரி. அதை அழுத்திக் கடந்துவிட்டேன். ஒன்லைனில் கூட்டாளியோடு ஆட மட்டும்தான் கணக்குத் தேவையாம்.

புதிய யூசரும் போட்டாயிற்று. 25 நிமிடம் ஓடியது, மூடித் திறந்தேன். ஷேடர் கோடு ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. ‘தொடர்க’ வந்திருக்கிறது!! நிலாவெளி அண்ணாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

நிலாவெளி இரவுப்பணி:
அக்கா. 🙂

உவர்மலைப் பொடியன்:
ஐயோ, மன்னிக்கவும் அக்கா. மிக்க நன்றி.

மான்கூட்டம்:
பழைய யூசரை அழித்துவிட்டீர்களா?

உவர்மலைப் பொடியன்:
இல்லை. என் மூத்தக்காவின் கம்பஸ் அசைன்மென்ட் எல்லாம் ‘திருமலை’க்குள்தான் கிடக்கிறது. வேர்ட் அந்தப் பெயரோடு ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. கேமுக்கு மட்டும் மற்ற யூசர். எதிரியை நான்காம் தரமும் கொன்றாயிற்று, இந்த முறை செத்தே கிடக்கிறான்.