மறுமொழி: ‘பிடித்த’ என்ஜினுக்கு ஒரு சொல் – வெள்ளிக்குள் வேண்டும்

வாத்தியார் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். டீசல் மெக்கானிக் பிரிவுப் பிள்ளைகளுக்காக ஒரு செய்முறைக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பல வருடம் ஓடாமல் நின்ற ராணுவ லாரியை மறுபடி ஓட வைப்பதுதான் பாடம். எங்கள் வளாகத்துப் புளியமரத்தடியில் ஏலத்தில் வந்த சக்திமான் ஒன்று நிற்கிறது. (சக்திமான் என்றதும் பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சியில் சுழன்று பறந்தவர்தான் நினைவுக்கு வருகிறார். இது ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தில் ஜபல்பூரில் 1996 வரை செய்த லாரி.) டயர்கள் மண்ணில் பாதி புதைந்துவிட்டன. கேபினுக்குள் குளவிக்கூடு.

பிஸ்டன் வளையங்கள் துருவேறி, சிலிண்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டு, கிராங்க் அசையவே அசையாமல் நிற்கிறதல்லவா, அந்த நிலைக்கு ஒரு சொல் வேண்டும். பட்டறையில் ‘சீஸ் ஆயிடுச்சு’ என்போம். அப்படியே எழுதினேன். மாதிரிப் படியைப் படித்த பையன், “சார், பீட்சா மேல போடுறதா?” என்றான். ‘பிடித்த’ என்று மாற்றினேன். இப்போது பாடத் தலைப்பு ‘பிடித்த என்ஜினை விடுவிப்பது எப்படி’ என்று நிற்கிறது. பிடித்த நடிகர், பிடித்த பலகாரம் வரிசையில் என்ஜினும் சேர்ந்துகொண்டது. காப்பாற்றுங்கள்.

புலவர் எழுதியது:

வீட்டில் விளக்கு எரிய, தம்பி தீ தேடுகிறார். ‘பற்று’ இருக்கிறதே! ஒன்றை விடாமல் பிடித்துக்கொள்வதற்குத் தமிழில் இதைவிட உறுதியான சொல் ஏது? குறள் 350 அப்படியே உங்கள் பாடம்தான்: “பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப் பற்றுக பற்று விடற்கு.” ஏழு சீரில் ஆறு முறை பற்றிக்கொண்டு, கடைசியில்தான் விடுகிறார். என்ஜின் என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். ‘பற்றிய பொறி’ என்று எழுதுங்கள்.

பட்டறையார் எழுதியது:

ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. ‘பொறி பற்றியது’ என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் மணல் வாளியோடு ஓடி வருவார்கள். பொறி என்றால் தீப்பொறி, பற்றியது என்றால் எரிகிறது. டீசல் டேங்க் பக்கத்தில் வைத்து விளையாடுகிற சொல்லா இது?

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. என்ஜின் இரண்டு விதமாகப் பிடிக்கும். நின்ற இடத்தில் பிடிப்பது ஒன்று. ஓட்டம் நிற்கும்போது ஆறு சிலிண்டரில் ஒன்றிரண்டில் வால்வு திறந்தபடியே நின்றுவிடும். சைலன்சர் வழியாக ஈரக்காற்று நேராக உள்ளே போகும். நாலு மழைக்காலம் போதும், வளையம் சுவரோடு ஒட்டிவிடும். இன்னொன்று ஓடும்போது பிடிப்பது. எண்ணெய் வற்றியோ தண்ணீர் கொதித்தோ சூடேறி, பிஸ்டனின் அலுமினியம் இளகிச் சுவரில் அப்பிக்கொள்ளும்.

முதலாவதற்குப் பொறுமைதான் மருந்து. டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி, டீசலும் பவர் ஸ்டியரிங் எண்ணெயும் சரிபாதி கலந்து ஒவ்வொரு துளையிலும் ஊற்றி, ஒரு வாரம் தொடாமல் விட வேண்டும். பிறகு ஃப்ளைவீல் பல்லில் கடப்பாரையைக் கொடுத்து முன்னும் பின்னும் நூலளவு நூலளவாக ஆட்ட வேண்டும். முன்னால் மட்டும் தள்ளினால் வளையம் உடையும். செல்ஃப் அடிக்கவே கூடாது, இன்னொரு வண்டியில் கட்டி இழுக்கவும் கூடாது. அசைய ஆரம்பித்துவிட்டதே என்று அவசரப்பட்டு நாசில்களை மாட்டிவிட்டுச் சுற்றினால், உள்ளே கிடக்கிற எண்ணெய் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். இரண்டாவது கேஸுக்கு இதெல்லாம் வீண். ஹெட்டைக் கழற்று, லைனரை (சிலிண்டரின் உட்குழாயை) மாற்று. ஒரே சொல்லைப் போட்டு வைத்தால், அலுமினியம் அப்பிய என்ஜினுக்கும் பையன் எண்ணெய் ஊற்றிவிட்டு ஒரு வாரம் காத்திருப்பான்.

தமிழாசிரியை எழுதியது:

‘இறுகல்’ சரியாக வரும் என்று நினைக்கிறேன். மண் இறுகும், பாகு இறுகும், மனமும் இறுகும். எல்லாம் நின்றுபோனபின் நடப்பவை. ஒரு எச்சரிக்கை: இறுகு தன்வினை, இறுக்கு பிறவினை. ‘இறுகிய’ என்பதில் தட்டச்சுக்காரர் ஒரு க் சேர்த்தால் ‘இறுக்கிய என்ஜின்’ ஆகிவிடும். போல்ட்டை யாரோ நன்றாக முறுக்கி வைத்திருக்கிறார் என்று பொருள். ‘இறுகுபொறி’ என்று வினைத்தொகையாகவும் வைக்கலாம்.

பட்டறையார் எழுதியது:

வினைத்தொகை என்றால் முக்காலத்துக்கும் பொருந்தும் அல்லவா டீச்சர்? நேற்றும் இறுகியது, இன்றும் இறுகுகிறது, நாளையும் இறுகும். எங்கள் ஷெட்டில் அப்படி ஒரு வண்டி இருக்கிறது. அதற்கு மட்டும் அந்தப் பெயரை வைத்துக்கொள்கிறேன்.

பாரிஸ்காரர் எழுதியது:

இங்கே இதே நிலையை ‘கிரிப்பே’ என்பார்கள். ஃப்ளூ காய்ச்சலுக்குப் பெயர் ‘கிரிப்’. இரண்டுக்கும் வேர் ஒன்று, பற்றிப் பிடித்தல். நமக்கும் சளி ‘பிடிக்கிறது’, இரும்புக்குத் துரு ‘பிடிக்கிறது’. ஆக, பட்டறைச் சொல்லில் தவறே இல்லை. ஜெர்மன்காரர்கள் பட்டறையார் சொன்ன பிரிவினையை ஏற்கெனவே செய்துவிட்டார்கள்: ஓட்டத்தில் சிக்கியதை ‘பிஸ்டன் தின்னி’ என்பார்கள், நின்று துருவேறியதற்கு ‘துருவேறி இறுகியது’ என்று வேறு சொல். சக்திமானின் தாய்வீட்டு மொழி என்பதால் சொல்கிறேன்.

ஜூன் மாதம் நார்மண்டிப் பக்கம் வந்தால் இரண்டாம் உலகப்போர்க்கால அமெரிக்க ஜிஎம்சி லாரிகள் வரிசையாக ஓடுவதைப் பார்க்கலாம். இரண்டரை டன், ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், 6 வோல்ட் மின்சாரம். 5.5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை போர்முனைக்குப் பெட்ரோலும் குண்டும் சுமந்த ‘ரெட் பால்’ தொடரில் ஓடியவை பெரும்பாலும் இவைதான். ஓட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பின வீரர்கள்.

புலவர் எழுதியது:

லாரி என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டீச்சரம்மா, ‘இறுகு’ எனக்கு உறுத்துகிறது. ‘இறு’ என்றால் முறிதல். “பீலிபெய் சாகாடும் அச்சிறும்”, குறள் 475. மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும். அதே வேரிலிருந்து இறுகலை எடுத்தால், என்ஜின் முறிந்தே போனது என்றல்லவா ஆகும்? துருவையும் பாருங்கள். தேங்காயைத் துருவுகிறோம், இரும்பைத் துரு துருவுகிறது. ஆகவே ‘துருவல்’ என்றே வைக்கலாம்.

இன்னொன்று. புறநானூறு 102இல் ஔவை பாடுகிறார்: மேடு பள்ளத்தில் என்ன ஆகுமோ என்று உமணர் வண்டியின் “கீழ்மரத்து யாத்த சேம அச்சு”. உப்பு வண்டிக்குக் கீழே மாற்று அச்சைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். நாம் இன்னும் ‘ஸ்பேர்’, ‘ஸ்டெப்னி’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். சேமச் சக்கரம் என்று ஏன் சொல்லக் கூடாது?

தமிழாசிரியை எழுதியது:

இறு வேறு, இறுகு வேறு ஐயா. ஓசை ஒத்துப்போனால் உறவாகிவிடாது. துருவல் என்றால் பிள்ளைகள் சட்னிக்கு அரைப்பார்கள். சேமச் சக்கரம் மட்டும் அழகு, ஒப்புக்கொள்கிறேன்.

மட்டுறுத்துநர் எழுதியது:

சேமச் சக்கரத்துக்குத் தனி இழை திறந்திருக்கிறேன், அங்கே போங்கள். நார்மண்டிப் படங்களையும் அங்கேயே போடலாம். வாத்தியாருக்கு நாளை மறுநாள் அச்சு. இதுவரை கை தூக்கியவர்கள்: இறுகல் 6, பிடிப்பு 4, பற்று 1. அந்த ஒன்று யார் என்று சொல்லத் தேவையில்லை.

வாத்தியார் எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ‘துரு இறுகல்’, ‘சூட்டு இறுகல்’ என இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். ‘துருவிறுகல்’ என்று சேர்த்து எழுதச் சொல்லி மூன்று பேர் தனி மடல் போட்டிருக்கிறீர்கள். உடம்படுமெய் தெரியாமல் இல்லை. கிரீஸ் கையோடு படிக்கிற பையன் ‘துருவி, றுகல்’ என்று பிரித்துப் படிப்பான் என்றுதான் தனித்தனியாக விட்டேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘பட்டறை வழக்கில் பிடிப்பு’ என்று ஒரு வரி இருக்கும். என்ஜின், பிஸ்டன், நாசில் எல்லாம் அப்படியே. தனித்தமிழ் அன்பர்கள் அடுத்த பதிப்பில் என்னை அடிக்கலாம்.

போன வாரமே சக்திமானுக்கு எண்ணெய் ஊற்றி வைத்திருந்தோம். இன்று காலை ஃப்ளைவீலில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்துவிட்டு இரண்டு பேர் கடப்பாரையைப் பிடித்தார்கள். முதல் அரைமணி நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் ‘டக்’ என்று ஒரு சத்தம், சாக்பீஸ் கோடு ஒரு விரல்கடை நகர்ந்தது. கடப்பாரைப் பையன் போட்ட சத்தத்தில் புளியமரத்துக் காக்கையெல்லாம் கிளம்பிவிட்டன. “சார், விட்டுருச்சு!”

பட்டறையார் எழுதியது:

வாழ்த்துகள் வாத்தியாரே. ஆனால் கவனித்தீர்களா? இறுகியது என்றால் தளர வேண்டும். பையன் ‘தளர்ந்துவிட்டது’ என்று கத்தவில்லை, ‘விட்டுருச்சு’ என்றான். பிடித்ததுதான் விடும். கையேட்டில் உங்கள் இஷ்டம், என் ஷெட்டில் இறுகல் கிடையாது.

புலவர் எழுதியது:

“பற்று விடற்கு” என்று முதல் மடலிலேயே எழுதியிருந்தேன். மேலே போய்ப் பார்க்கவும்.