குளச்சல் உப்புக்காத்துல கிளட்ச் கேபிள் இறுகுது

கேள்வி: ஸ்பிளெண்டர் பைக். கிளட்ச் கனமா இருக்கு, விட்டா மெதுவாத்தான் திரும்புது. கேபிள் மாத்தணுமா?

பதில்: லிவர் பக்கம் கழற்றிப் பாருங்க மக்கா. ஒரு இழை பிரிஞ்சிருந்தாலும் புதுசு போடுங்க. இல்லன்னா கேபிளைத் தொங்கவிட்டு, மேல் முனையில பாலித்தீன் கூம்பு கட்டி, கீழ சொட்டுற வரை இன்ஜின் ஆயில் ஊத்துங்க. முதல்ல துருக்கலர்லதான் வரும்.

பதில்: லிவர் நுனியில 10–20 மி.மீ. ப்ளே (கேபிள் இழுக்கிறதுக்கு முன்ன லிவர் சும்மா ஆடுற தூரம்) வையுங்க. இன்ஜின் பக்க நட்டுல பெரிய அளவு, லிவர் பக்கம் சின்னத் திருத்தம். ப்ளே இல்லாம ஓட்டினா கிளட்ச் பிளேட் வழுக்கிக் கருகும். கூடினா நியூட்ரல் விழாது. லிவர் பக்க அட்ஜஸ்டர்ல உள்ள நீள வெட்டும் அதைப் பூட்டுற லாக்நட் வெட்டும் ஒரே நேர்ல நிக்கக்கூடாது, மழைத்தண்ணி உள்ள இறங்கும்.

பதில்: ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா திருப்புங்க. ப்ளே மாறினா கேபிள் போற வழி தப்பு.