மேட் வார்னிஷ் அடித்ததும் ஜீரோ விமானம் பால் பூசியது போல் வெளுத்துவிட்டது: காப்பாற்ற வழி உண்டா?

வாவிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். இரண்டு மாதமாகத் தமியா நிறுவனத்தின் 1/48 அளவு பிளாஸ்டிக் மாதிரி விமானம் ஒன்றைச் செய்து வருகிறேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் ஓட்டிய ஜீரோ போர் விமானம், அதில் ஏ6எம்2 வகை. 1942 ஏப்ரல் 9 அன்று திருகோணமலையைத் தாக்க வந்த ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களில் ஒன்றான சுய்காகுவின் விமானமாக அதை முடிக்க ஆசை. அதே நாளில்தான் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் எங்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. இங்குள்ள சுழியோடிகள் இன்றும் அந்தக் கப்பலைப் பார்த்துவிட்டு வந்து கதை சொல்வார்கள். அதைக் கேட்டு வளர்ந்ததால் இந்த விமானம் எனக்குச் சும்மா ஒரு பொம்மை இல்லை.

செய்தது இதுதான். சாம்பல் பிரைமர் (அடிப்பூச்சு) அடித்தேன். அதன்மேல் தமியா எக்ஸ்எஃப்-76 என்ற சாம்பல் பச்சை நிறத்தை எயார்பிரஷால் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தூவும் கருவி) அடித்தேன். அது நன்றாகவே வந்தது. பிறகு சிவப்பு வட்டச் சின்னம், வால் இலக்கம் ஆகியவற்றின் டெகலை (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) ஒட்டினேன். கறுப்பு எனாமல் பெயின்டைக் கரைத்து, உடலின் தகடுகள் சேரும் இடத்துக் கோடுகளில் ஓடவிட்டேன். ஸ்பொஞ்சில் வெள்ளி நிறம் தொட்டு, பெயின்ட் உரிந்தது போல் இறக்கை, வால் எல்லாவற்றிலும் ஒற்றினேன். கடைசியாக நேற்று ஸ்பிரே டின்னில் வரும் மேட் (பளபளப்பற்ற) வார்னிஷ் அடித்தேன். பத்து நிமிடத்தில் முழு விமானமும் வெள்ளையாகப் புகை மூடியது போல் ஆகிவிட்டது.

அதோடு இன்னும் சில குறைகள் இப்போது கண்ணில் குத்துகின்றன. சிவப்பு வட்டங்களைச் சுற்றி வெள்ளி போல ஒரு வளையம் மினுங்குகிறது. கறுப்புக் கோடுகள் பேனாவால் கீறியது போல் இருக்கின்றன, சில இடங்களில் கறை பரவியும் விட்டது. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கத்தான் வேண்டுமா? தெரிந்த அண்ணைமார், அக்காமார் சொல்லுங்கள்.

பட்டறை_வாசல்:

தம்பி, ஒன்றையும் சுரண்ட வேண்டாம். முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு அடித்தீர்கள், அப்போது மழையா? டின்னை எவ்வளவு நேரம் குலுக்கினீர்கள்? வெள்ளை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா, இல்லை மூலை முடுக்கில் மட்டும் மாவு போல் சேர்ந்திருக்கிறதா?

அப்புறம் ஒரு சோதனை. இறக்கைக்கு அடியில் வெளுத்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். நனைந்த இடத்தில் பழைய நிறம் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

வாவிக்கரை:

பின்னேரம் ஆறு மணி இருக்கும் அண்ணை. மழை விட்டு அரை மணிகூட ஆகவில்லை, விறாந்தையில் வைத்து அடித்தேன். டின்னை ஏழெட்டுத் தரம் குலுக்கியிருப்பேன். வெள்ளை எல்லா இடமும் ஒரே மாதிரித்தான். தண்ணீர் வைத்த இடத்தில் நிறம் அப்படியே திரும்பி வந்தது! காய்ந்ததும் மறுபடி வெளுத்துவிட்டது.

பட்டறை_வாசல்:

நிறம் திரும்பி வந்ததென்றால் கவலைப்படாதீர்கள், அடியில் உங்கள் பெயின்ட் நன்றாகத்தான் இருக்கிறது. கெட்டது மேலே உள்ள வார்னிஷ் மட்டும்.

நான் கோயம்புத்தூரில் பதினெட்டு வருடமாகக் கார் பெயின்டிங் செய்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடித்தால் எங்களுக்கும் இதே தொல்லை வரும். வார்னிஷில் இருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது அந்தப் பரப்பைக் குளிர்வித்துவிடும். காற்று ஈரமாக இருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் பனி போல் நீர் படியும். அது ஈரமான வார்னிஷுக்குள் நுண்ணிய துளிகளாகச் சிக்கி, காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத குழிகளை விட்டுவிடும். வெளிச்சம் அந்தக் குழிகளில் பட்டுச் சிதறுவதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் வைத்தால் குழி நிரம்புகிறது, வெள்ளை மறைகிறது. நாங்கள் மழைக்காலத்தில் ரிடார்டர் என்ற மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கொஞ்சம் கலந்துகொள்வோம். டின்னில் அது முடியாது, ஆகவே நாளைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும்.

மூலையில் மாவு போல் சேர்ந்திருந்தால் அது வேறு நோய். மேட் பொடி டின்னின் அடியில் தங்கிவிடும், சரியாகக் குலுக்காவிட்டால் கட்டியாக வந்து விழும். உங்களுக்கு அது இல்லை. இருந்தாலும் ஏழெட்டுத் தரம் போதவே போதாது. உள்ளே இருக்கும் குண்டு சத்தம் கேட்கத் தொடங்கியபின் முழுதாக இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும்.

மருந்து இது: நல்ல வெயில் நாளாகப் பார்த்து, பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில், அதே இன வார்னிஷில் கிளாஸ் (பளபளப்பான) வகையை அடியுங்கள். டின்னை முதலில் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் ஐந்து நிமிடம் வையுங்கள். அடுப்புப் பக்கமோ கொதிநீரிலோ வைத்துவிடாதீர்கள், டின் வெடிக்கும். இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் தள்ளி நின்று, முதலில் மெல்லிய தூவல். பத்து நிமிடம் கழித்துக் கொஞ்சம் ஈரமாக ஒரு கை. புதிய வார்னிஷின் தின்னர் பழையதை இளக்கி அந்தக் குழிகளை நிரப்பும். விமானத்தில் அடிக்கும் முன், இதே பெயின்ட், இதே வார்னிஷ் அடித்த ஒரு பிளாஸ்டிக் கரண்டியில் செய்து பாருங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அவசரப்பட்டு ஹார்டுவேர் கடையில் என்.சி. தின்னர் வாங்கித் துணியில் தொட்டுத் துடைத்துவிடாதீர்கள். வார்னிஷோடு பெயின்ட், பிளாஸ்டிக் எல்லாம் சேர்ந்து கரைந்துவிடும்.

நாற்பத்தெட்டில்_ஒன்று:

பட்டறை அண்ணன் சொன்ன கிளாஸ் பூச்சு மற்றக் குறைகளுக்கும் வழி திறந்துவிடும். தம்பி தவறவிட்டது உண்மையில் அந்த ஒரு படிதான்: டெகலுக்கு முன்னால் கிளாஸ். எக்ஸ்எஃப் வரிசை பெயின்ட் எல்லாம் மேட். மேட் பரப்பு மிக நுண்ணிய மணல்தாள் போன்றது. அதன்மேல் டெகலை வைத்தால் மேடு பள்ளத்துக்குள் காற்று சிக்கும், அதுதான் அந்த வெள்ளி வளையம். எனாமல் கரைசலை விட்டாலும் அதே பள்ளங்கள் அதை உறிஞ்சிக் கறையாக்கிவிடும். கிளாஸ் மேல் விட்டிருந்தால் கோட்டுக்குள் ஓடி நின்றிருக்கும், மிச்சத்தைத் துடைத்திருக்கலாம்.

சிவப்பு வட்டத்துக்கு என் யோசனை, டெகலோடு போராட வேண்டாம். அந்தக் காலத்துச் சாம்பல் நிற ஜீரோக்களில் வட்டத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு கிடையாது. வெறும் சிவப்பு வட்டம்தான், இறக்கையின் மேலே இரண்டு, கீழே இரண்டு, உடலின் பக்கங்களில் இரண்டு. கிளாஸ் நன்றாகக் காய்ந்தபின் டெகலின் ஓரத்தை 2000 நம்பர் மணல்தாளால் தண்ணீர் தொட்டு மெதுவாகத் தேயுங்கள், படி தெரியாமல் போகும்வரை மட்டும். ஓரத்தில் சாம்பல் நிறத்தைத் தூவி மினுக்கத்தை மூடுங்கள். பிறகு கவராயத்தில் பென்சிலுக்குப் பதில் பிளேடு முனையைக் கட்டி, மாஸ்கிங் டேப்பில் வட்டம் வெட்டி, சிவப்பை அடித்துவிடுங்கள். டெகல் எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் பெயின்ட் அடித்த வட்டத்துக்கு ஈடாகாது. வாலில் உள்ள இலக்கத்தை மட்டும் டெகலாகவே விட்டுவிடலாம். மினுங்கும் இடத்தில் ஊசியால் நாலைந்து குத்து குத்தி, டெகல் மென்மையாக்கும் திரவத்தைத் தொட்டு வையுங்கள். இதைக் கிளாஸ் அடிக்கும் முன்பே செய்துவிடுங்கள், பிறகு திரவம் உள்ளே இறங்காது.

கறுப்புக் கோடுகளுக்கு, அதே எக்ஸ்எஃப்-76 ஒரு பங்கு, தின்னர் எட்டு ஒன்பது பங்கு. மிகக் குறைந்த அழுத்தத்தில் கோடுகளின் மேல் தூவிக்கொண்டே போங்கள். கறுப்பு மெல்ல அடங்கும். கோடுகளுக்கு இடையே உள்ள தகடுகளின் நடுவில் ஒரு துளி வெள்ளை கலந்து தூவினால் வெயிலில் வெளுத்த தோற்றமும் கூடவே வந்துவிடும். அடுத்த முறை கறுப்பே வேண்டாம். இந்தச் சாம்பல் பச்சைக்கு அடர் பழுப்பில் கொஞ்சம் சாம்பல் கலந்தால் போதும்.

ஆனால் நான் மிகவும் சொல்ல விரும்புவது அந்த வெள்ளிப் புள்ளிகளைப் பற்றி. வாலிலும் ஒற்றினேன் என்கிறீர்கள். ஜீரோவின் வால் சுக்கான், வாலின் கிடைச் சிறகில் அசையும் எலிவேட்டர், இறக்கை ஓரத்தில் அசையும் எயிலரோன் மூன்றும் துணி போர்த்தியவை. துணியில் பெயின்ட் உரிந்தால் அலுமினியம் தெரியாது, தெரியவே முடியாது. அங்குள்ள புள்ளிகளைத் தூரிகையால் மூடிவிடுங்கள். மற்ற இடத்தில் கணக்குப் பாருங்கள். 1/48 இல் 1 மில்லிமீட்டர் புள்ளி என்றால் அசல் விமானத்தில் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் பெயின்ட் பெயர்ந்திருக்கிறது என்று பொருள். ஸ்பொஞ்ச் விட்ட புள்ளி பெரும்பாலும் அதைவிடப் பெரிது.

பனிக்காற்று:

டொரண்டோவிலிருந்து ஒரு சின்ன மறுப்பு. ஜீரோ என்றாலே உரிந்த பெயின்ட்தானே? பசிபிக்கில் ஜப்பானியத் தளமாக இருந்த ரபவுலில் எடுத்த படங்களில் விமானங்கள் சொறி பிடித்தது போல் இருக்கும். நான் என் ஜீரோவை அப்படித்தான் செய்தேன், பார்த்தவர்கள் எல்லோருக்கும் பிடித்தது. தம்பியின் புள்ளிகளை ஏன் மூட வேண்டும்?

நாற்பத்தெட்டில்_ஒன்று:

ரபவுல் விமானத்துக்கு நீங்கள் செய்தது சரி. ஆனால் அது வேறு கதை. அங்கே 1943 இல் தரைத் தளங்களில் இருந்த சாம்பல் ஜீரோக்களுக்கு மேலே பச்சையைக் களத்திலேயே அடித்தார்கள். அவசரப் பூச்சு, அதனால் உரிந்தது. உரிந்த இடத்தில் பெரும்பாலும் அடியில் இருந்த சாம்பல்தான் தெரிந்தது, வெள்ளி இல்லை. போரின் பிற்பகுதியில் வந்த விமானங்களில் பெயின்ட் மட்டமாகிப் போய் உலோகம் வரை உரிந்ததும் உண்மை.

தம்பி செய்வது 1942 ஏப்ரல் விமானம். தொழிற்சாலையில் நிதானமாக அடித்த நல்ல பெயின்ட், அரைப் பளபளப்பு. பறக்காத நேரத்தில் கப்பலின் மேல்தளத்துக்கு அடியில் உள்ள கூடத்தில் வைத்துப் பராமரித்தார்கள். பேர்ல் துறைமுகத்தைத் தாக்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த நான்கு மாதத்தில் அந்தக் கப்பல்கள் ஹவாயிலிருந்து நம் கடல் வரை ஓடி வந்திருக்கின்றன. ஆகவே தேய்வு உண்டு, ஆனால் அது உரிந்த தேய்வு இல்லை. எண்ணெய், புகை, விமானியும் மெக்கானிக்கும் ஏறி இறங்கிய கால் தடம்.

அழுக்கு எங்கே படியும் என்று பாருங்கள். காக்பிட்டுக்கு ஏறும் இறக்கை அடிப்பகுதியில் கால் பட்ட மங்கல். எஞ்சின் மூடியில் அடிக்கடி கழற்றும் பூட்டுகளைச் சுற்றி, ஊசிமுனையளவு வெள்ளி நாலைந்து. இறக்கையின் 20 மில்லிமீட்டர் துப்பாக்கி வாய்களில் சிறிது கரி. எண்ணெய் வாய்களின் பின்னால் ஓரிரு வடிகோடு. புகைக்குழாய் இந்த வகையில் மூடியின் கீழ்ப்பாதியில் பக்கத்துக்கு ஒன்றாக இருப்பதால், புகைக்கறை இறக்கை அடியிலும் வயிற்றிலும்தான் ஓட வேண்டும், மேலே இல்லை.

முழு மேட்டும் வேண்டாம். அரைப் பளபளப்பு வார்னிஷே இந்த விமானத்துக்குப் பொருத்தம். மேட் டின்னை ஒதுக்கி வைத்துவிடலாம், பாதிப் பயம் போய்விடும்.

பனிக்காற்று:

துணி போர்த்திய பாகங்கள் எனக்குத் தெரியவே தெரியாது. என் ஜீரோவின் சுக்கானிலும் வெள்ளி இருக்கிறது. இன்றிரவே மூடிவிடுகிறேன். நன்றி.

வாவிக்கரை:

பதினொரு நாள் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். வெயிலுக்காகக் காத்திருந்தேன். ஆறாம் நாள் நல்ல வெயில் அடித்தது. முதலில் கரண்டி, பிறகு இறக்கையின் அடிப்பக்கம், பிறகு முழு விமானம். இரண்டாவது கை அடித்தபோது என் கண் முன்னாலேயே வெள்ளை கரைந்து நிறம் மேலே வந்தது. பட்டறை அண்ணை, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

வட்டங்கள் ஆறும் இப்போது பெயின்ட்தான். இடது இறக்கையின் கீழ்வட்டத்தில் டேப்புக்கு அடியில் சிவப்பு சற்றுக் கசிந்தது. அதைச் சாம்பல் நிறத்தால் திருத்திவிட்டேன். துணிப் பாகங்களில் இருந்த வெள்ளியை மூடினேன். மூடியபின் சுக்கானை உடலைவிட ஒரு மாற்று வெளிறலாகத் தூவினேன், துணி வேறு, உலோகம் வேறு என்று இப்போது பார்த்தவுடன் தெரிகிறது. இறக்கையில் ஏறும் இடத்தைத் தவிர மற்ற எல்லாப் புள்ளிகளையும் எடுத்துவிட்டேன். இவ்வளவு குறைத்தபின்தான் அது பறந்து வந்த விமானம் போல் இருக்கிறது.

மிச்சம் புகைக்கறை. எயார்பிரஷால் கறுப்பு அடிக்கப் பயமாக இருக்கிறது. வேறு வழி உண்டா?

நாற்பத்தெட்டில்_ஒன்று:

பேஸ்டல் வெண்கட்டி போதும். எண்ணெய்ப் பேஸ்டல் இல்லை, உலர்ந்த வகை. கறுப்பு, பழுப்பு, வெளிர் சாம்பல் மூன்றையும் பிளேடால் சுரண்டிப் பொடியாக்குங்கள். அரைப் பளபளப்பில் பொடி அவ்வளவாகப் பிடிக்காது. ஆகவே குழாய்க்குப் பின்னால் மட்டும் அந்த மேட் டின்னிலிருந்து ஒரு மூடியில் கொஞ்சம் பீய்ச்சித் தூரிகையால் மெல்லத் தடவிக்கொள்ளுங்கள், வெயில் நேரத்தில்.

காய்ந்தபின் மென்மையான தூரிகையில் பொடியைத் தொட்டு, முன்னிருந்து பின்னாகக் காற்று ஓடும் திசையில் மட்டும் இழுங்கள். முதலில் பழுப்பு அகலமாக, அதன்மேல் கறுப்பு குழாய்க்குப் பக்கத்தில் குறுகலாக, நடுவில் வெளிர் சாம்பல் ஒரு கோடு. அதிகமாகிவிட்டால் ஈரத்துணியால் துடைத்து மறுபடி போடலாம். பிடித்த பிறகு அதன்மேல் வார்னிஷ் அடிக்காதீர்கள், பாதி காணாமல் போகும். பிறகு அந்த இடத்தைக் கையால் பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

பட்டறை_வாசல்:

முடிந்ததும் வயிற்றுப் பக்கத்தையும் சேர்த்துப் படம் போடுங்கள் தம்பி. எல்லோரும் மேல்பக்கத்தை மட்டும் காட்டுகிறார்கள்.